ஏபிஐயா, க்யூவா, ஃபைலா: எதிர்ப்பக்கம் படுத்தால் எது தாங்கும்?

ஆர்டர் எடுக்கும் மென்பொருள் ஒன்று, பில் போடும் மென்பொருள் இன்னொன்று. இரண்டையும் இணைக்க எது நல்லது என்றால் பலர் யோசிக்காமல் ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றை நேரடியாகக் கேட்டுப் பதில் வாங்கும் வழி) என்பார்கள். எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது எந்த வழியும் ஓடும். பில் பக்கம் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்துத்தான் நான் முடிவெடுப்பேன்.

நேரடி ஏபிஐயில் பதில் கையோடு கிடைக்கும். ஸ்டாக் இருக்கிறதா என்று ஒருவர் திரை முன் காத்திருந்தால் வேறு வழியும் இல்லை. வம்பு டைம்அவுட்டில்தான். 30 நொடி கழித்து 504 (பதில் நேரத்துக்கு வரவில்லை என்ற பிழை) வருகிறது, பில் விழவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்புகிறோம், அங்கே முதல் தடவையே பில் விழுந்து பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கிறது, இப்போது ஒரே ஆர்டருக்கு இரண்டு பில். இதற்குத்தான் ஐடெம்பொட்டன்சி கீ: ஒவ்வொரு கோரிக்கையோடும் ஒரு தனி எண் போகும், அதே எண் திரும்ப வந்தால் பழைய பதிலையே கொடுத்துவிடும். வெளியார் ஏபிஐ என்றால் ஆவணத்தில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

நம் நிறுவனத்துக்குள்ளேயே என்றால் என் ஓட்டு க்யூவுக்கு: செய்தியை நடுவில் ஒரு வரிசையில் போட்டுவைப்போம், அந்தப் பக்கம் முடியும்போது எடுத்துக்கொள்ளும். பில் பக்கம் இரண்டு மணி நேரம் படுத்தாலும் செய்தி காத்திருக்கும். ராபிட்எம்க்யூ என்ற க்யூ மென்பொருளின் வழக்கமான க்யூவில் வாங்கியவர் ஒப்புக்கொண்டதும் செய்தி அழிந்துவிடும். காஃப்கா என்ற இன்னொன்று, அமைப்பை மாற்றாவிட்டால், 7 நாள் வைத்திருக்கும், தப்பாகப் போட்டதை முதலிலிருந்து ஓட்டலாம். ஆனால் ஒரே செய்தி இரண்டு முறை வருவது இங்கேயும் உண்டு, அந்தத் தலைவலி விடாது. இன்னொரு ஓட்டை: ஆர்டரை டேட்டாபேஸில் சேமித்துவிட்டு க்யூவுக்கு அனுப்புவதற்குள் சர்வர் விழுந்தால் ஆர்டர் இருக்கும், செய்தி இருக்காது. ஆர்டரை எழுதும் அதே டிரான்ஸாக்ஷனில் (எல்லாம் சேர்ந்து பதியும், இல்லையேல் எதுவும் பதியாது) அவுட்பாக்ஸ் என்ற, அனுப்ப வேண்டியவற்றின் டேபிளிலும் ஒரு வரி எழுதி, அதைத் தனி ப்ராசஸ் அனுப்பினால் சரியாகும். அப்புறம் டெட் லெட்டர் க்யூ (கையாள முடியாத செய்திகளை ஒதுக்கிவைக்கும் இடம்): எல்லோரும் வைக்கிறார்கள், யாரும் திறந்து பார்ப்பதில்லை.

ராத்திரி எஸ்எஃப்டிபியில் (பாதுகாப்பாக ஃபைல் அனுப்பும் முறை) சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) ஃபைல் போடுவதைக் கேவலமாகப் பார்ப்பார்கள். எனக்கு அந்த வெட்கம் இல்லை. அவசரமில்லாத கணக்குக்கு அது போதும், பிசகினால் ஃபைலைத் திறந்து கண்ணால் பார்க்கலாம். பாதி ஏறிய ஃபைலை அந்தப் பக்கம் படித்துவிடாமல், தற்காலிகப் பெயரில் ஏற்றி, முழுதும் ஏறியபின் பெயரை மாற்றினால் சரி.

அடுத்தவர் டேபிளை நேராகப் படிப்பது? வேண்டவே வேண்டாம். அவர்கள் டேபிளில் ஒரு நெடுவரிசையின் (column) பெயரை மாற்றுவார்கள், உங்கள் ரிப்போர்ட் விழும், நீங்கள் படிக்கிறீர்கள் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.