‘1648’ என்று சொல்லி விற்ற படகு: பழைய ஜான் போட் வாங்குபவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்திலோ மெம்ஃபிஸ் பக்கமோ இருந்துகொண்டு, வரும் வாத்து வேட்டை சீசனுக்குப் பழைய ஜான் போட் (தட்டையான அடிப்பாகம் கொண்ட சின்ன அலுமினியப் படகு) ஒன்று வாங்கலாம் என்று பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் என் அலுவலக நண்பரும் சேர்ந்து வாங்கிய படகை விளம்பரத்தில் 1648 என்று போட்டிருந்தார்கள். அது 1648 இல்லை. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. கிழக்கு ஆர்கன்சாவில் பழைய படகு விற்கும் கடைகளில் ஒன்று என்பது போதும். இந்த வேலையைச் செய்வது அந்த ஒரு கடை மட்டுமாக இருக்காது.

முதலில் அந்த எண். முன்னால் இருக்கும் இரண்டு இலக்கம் படகின் நீளம், அடிக்கணக்கில். பின்னால் இருப்பது அகலம், அங்குலத்தில். அந்த அகலத்தைப் படகின் தட்டையான கீழ்த்தகட்டில்தான் அளக்க வேண்டும், மேல் விளிம்பில் அல்ல. பக்கச் சுவர்கள் வெளியே சாய்ந்திருப்பதால் மேலே அகலம் எப்போதும் கூடுதலாகத்தான் வரும். எங்கள் படகை மேலே விளிம்புக்கு விளிம்பு டேப் பிடித்தால் 48 வந்தது. கீழே 32. மொத்தத் தில்லுமுல்லும் இந்தப் பதினாறு அங்குலத்துக்குள்தான்.

வேறு தண்ணீராக இருந்தால் இதைப் பெரிதுபடுத்தாமல் போயிருப்பேன். ஏரியில் தூண்டில் போட 32 அங்குலம் போதும். நாங்கள் போவது வெள்ளம் நிற்கும் ஓக் காட்டுக்குள். ஸ்டட்கார்ட் ஊரை ஒட்டிய பாயூ மீட்டோ என்ற அரசு வேட்டை நிலம், முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல். இலையுதிர் காலக் கடைசியில் மரங்கள் உறங்கப் போன பிறகு மடைகளை மூடித் தண்ணீரைத் தேக்குவார்கள். முழங்காலிலிருந்து இடுப்புவரை நிற்கும். ஓக் கொட்டை தின்ன மல்லார்ட் வாத்துகள் கிளைகளின் இடைவெளி வழியாக அப்படியே இறங்கும். அங்கே பெரும்பாலும் யாரும் படகில் உட்கார்ந்து சுடுவதில்லை. படகைத் தள்ளி எங்காவது மறைத்துவிட்டு, ரப்பர் உடுப்போடு தண்ணீரில் இறங்கி, மரத்தோடு மரமாக ஒட்டி நின்று, காலால் தண்ணீரை உதைத்து அலை எழுப்புவோம். மேலே சுற்றும் வாத்துக்குக் கீழே கூட்டம் மேய்வது போலத் தெரியும்.

ஆக படகுக்கு அங்கே இரண்டே வேலை. ஆட்களையும் நாயையும், வாத்துகளை ஈர்க்க மிதக்கவிடும் பொம்மை வாத்து மூட்டையையும் இருட்டில் படகுத்தடம் வழியாகக் கொண்டுபோக வேண்டும். அப்புறம் தடத்தை விட்டு விலகி மரங்களுக்குள் நுழைய வேண்டும். முதல் வேலைக்கு அகலம் வேண்டும், இரண்டாவதற்கு நீளம் குறைவாக வேண்டும். இதில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். என் கணக்கில் இரண்டு பேரும் ஒரு லாப்ரடாரும் என்றால் 14 அல்லது 15 அடி நீளம், 36 முதல் 42 அங்குல அகலம். மூன்று பேர் என்றால் 1648. மரங்களுக்குள் அதற்கு மேல் வேண்டாம். 1854, 1860 எல்லாம் ஒயிட் ரிவர் மாதிரி பெரிய ஆற்றைக் கடந்து போகிறவர்களுக்கு. அதை ஓக் மரங்களுக்கு நடுவே திருப்ப முயன்று பார்த்தவர்கள் மறுவருஷம் விற்றுவிடுவார்கள்.

நாங்கள் பெரும்பாலும் மூன்று பேர். அதனால்தான் 1648 கேட்டோம். எங்கே ஓட்டப்போகிறோம், எத்தனை பேர், எவ்வளவு சுமை என்பதையும் விற்பவரிடம் தெளிவாகவே சொன்னோம்.

படகு பார்க்க லட்சணமாக இருந்தது. புதிதாக அடித்த பச்சை-பழுப்பு பெயின்ட். உள்ளே பிளைவுட் தளம், மேலே ரப்பர் பாய், இரண்டு பக்கமும் நீளப் பெட்டிகள். பின்னால் 23 குதிரைத்திறன் சர்ஃபேஸ் டிரைவ் மோட்டார். சேற்றிலும் கட்டைகளுக்கு நடுவிலும் ஓடக்கூடிய வகை. நண்பர் அப்போதே டேப்பை எடுத்துத் தளத்தை அளந்தார். 38 அங்குலம். “மீதி பத்து அங்குலம் பெட்டிகளுக்கு அடியில் போகிறது சார்” என்றார் விற்பவர். அந்தப் பெட்டிகள் தளத்தோடு திருகி இறுக்கப்பட்டிருந்தன. தளத்தைக் கீழ்த்தகட்டிலிருந்து அரை அடி உயர்த்தி அடித்திருந்தார்கள். சுவர் சாய்வாக இருக்கிற படகில் தளத்தை உயர்த்தினால் அகலம் கூடித் தெரியும். அடியில் 32 இருப்பதை 38 ஆக்கிக் காட்டி, இல்லாத பத்தைப் பெட்டிக்கு அடியில் இருப்பதாகச் சொல்லிவிட்டால் 48 வந்துவிடுகிறது அல்லவா?

இன்னொன்றும் செய்தார். அமெரிக்காவில் இருபது அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை, அதிகபட்சம் எத்தனை குதிரைத்திறன் என்று பொறித்த ஒரு தகடு இருக்கும். பின்பக்கமோ பக்கச் சுவரிலோ பொருத்தியிருப்பார்கள். எங்கள் படகில் அந்த இடத்தில் ரிவெட் ஓட்டைகளை நிரப்பி அதன்மேல் பெயின்ட் அடித்திருந்தது. கேட்டால், “பெயின்ட் அடிக்கும்போது கழற்றினோம், கடையில் பத்திரமாக இருக்கிறது, தபாலில் அனுப்புகிறேன்” என்றார். கூடவே ஒரு காகிதத்தை எடுத்து, பதினாறு அடியை நான்கு அடியால் பெருக்கி, பதினைந்தால் வகுத்து, “பாருங்கள், நாலு பேர் தாராளமாகப் போகலாம்” என்று கணக்கும் போட்டுக் காட்டினார். அந்தச் சூத்திரம் உண்மைதான். படகு ஓட்டும் வகுப்பிலேயே சொல்லித் தருவார்கள். ஆனால் அமைதியான தண்ணீரில், சாதாரண மோட்டாரோடு, ஆட்கள் மட்டும் போவதற்கான கணக்கு அது. இருநூறு பவுண்டை ஒட்டிய மோட்டாரும் நனைந்த மூட்டைகளும் அதில் வராது. தகடு இன்றுவரை வரவில்லை.

சீசன் தொடங்கியதும் அப்பர் வாலியர் இறங்குதுறைக்குப் போனோம். பாயூ மீட்டோவில் சனிக்கிழமை விடிகாலை எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: தலையில் விளக்கு கட்டிய கூட்டம், ஒன்றன்பின் ஒன்றாக டிரெய்லர், நேரம் வந்ததும் எல்லாப் படகும் நல்ல இடம் பிடிக்க ஒரே தடத்தில் பாயும். நாங்கள் மூன்று பேரும் நாயும் ஏறி உட்கார்ந்தபோதே படகின் பின்பக்கம் தண்ணீருக்கு மேல் நாலு விரல்தான் நின்றது. பக்கத்தில் ஒரு பெரிய படகு வேகமாகக் கடந்தது. அதன் அலை பின்பலகையைத் தாண்டி உள்ளே விழுந்தது. நாய் பயந்து எழுந்து ஒரு பக்கமாக நகர, படகும் அதோடு சாய்ந்தது. நண்பர் அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டார். டிசம்பர் தண்ணீர், இருட்டு, மார்புவரை ரப்பர் உடுப்பு. கவிழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இங்கே விவரிக்கத் தேவையில்லை. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம்.

சரி, மெதுவாகவே போவோம் என்று தடத்தை விட்டு மரங்களுக்குள் திரும்பினால் அடுத்த சிக்கல். சர்ஃபேஸ் டிரைவ் மோட்டார் படகுக்குப் பின்னால் நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். பதினாறு அடிப் படகோடு அதையும் சேர்த்தால் இருபது அடியை நெருங்குகிறது. மூக்கு ஒரு மரத்தில், வால் இன்னொரு மரத்தில். நீளத்தில் பெரிய படகின் தொல்லை, அகலத்தில் சின்னப் படகின் தொல்லை, இரண்டையும் ஒரே விலையில் வாங்கியிருந்தோம். இறங்கித் தள்ளித்தான் திருப்பினோம். சைப்ரஸ் வேர்முண்டு ஒன்றில் உரசியதும் ரிவெட் வரிசையில் தண்ணீர் கசியத் தொடங்கியது.

வீட்டுக்கு வந்து பிளைவுட் தளத்தைக் கழற்றினோம். உள்ளே மிதவைக்காக வைத்திருந்த நுரைக்கட்டிகள் தண்ணீரில் ஊறிய பஞ்சு மாதிரி கனத்துக் கிடந்தன. கையால் அழுத்தினால் பழுப்புத் தண்ணீர் வடிந்தது. மிதக்க வைக்க வேண்டிய பொருளே சுமையாகியிருக்கிறது. படகைத் துறையில் தள்ளும்போதே அது அவ்வளவு கனமாக இருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

அப்புறம் பின்பலகையின் வெளிப்பக்கம், வலது மேல் மூலையில் பெயின்டைச் சுரண்டினோம். 1984-க்குப் பிறகு வந்த எல்லாப் படகுக்கும் அங்கே பன்னிரண்டு எழுத்து-எண் கொண்ட அடையாளம் இருக்கும். கடைசி இரண்டு இலக்கம் மாடல் வருஷம். ரசீதில் 2014 என்று எழுதியிருந்த படகின் எண் 98 என்று முடிந்தது. அந்த எண்ணைத் தயாரிப்பாளருக்குத் தொலைபேசியில் சொன்னதும் விவரம் வந்துவிட்டது: கீழ்த்தகடு 32 அங்குலம், அதிகபட்ச மோட்டார் 15 குதிரைத்திறன். தகடு ஏன் காணாமல் போனது என்பதற்கு வேறு விளக்கம் எதற்கு?

கடைக்காரரிடம் போனபோது குரல் மாறிவிட்டது. ரசீதில் ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒரு வரி இருக்கிறது, அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றார். இந்த வரியைக் காட்டியே பலரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்த வரி, சொல்லாமல் விட்ட பழுதுகளுக்குப் பொருந்தலாம். எழுத்தில் கொடுத்த விவரமே பொய் என்றால் அதன் பின்னால் ஒளிய முடியாது என்று எங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் சொன்னார். விளம்பரத்தைப் படமெடுத்து வைத்திருந்தது அங்கேதான் கைகொடுத்தது. அதில் 1648, 2014 இரண்டும் கண்ணுக்கு முன்னால் இருந்தன. மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவுக்குப் புகார் எழுதினோம். ஐயாயிரம் டாலருக்கு உட்பட்ட பிணக்கு என்பதால் மாவட்ட நீதிமன்றத்தின் சிறுவழக்குப் பிரிவிலும் மனு போட்டோம். அங்கே வழக்கறிஞர் கிடையாது, நாமேதான் பேச வேண்டும். விசாரணைத் தேதி வருவதற்குள் கடைக்காரரே கூப்பிட்டு, படகைத் திருப்பித் தாருங்கள் என்றார். ‘பயன்படுத்திய கட்டணம்’ என்று ஒரு தொகையைக் கழித்துக்கொண்டுதான் பணம் தந்தார். அதற்கும் சண்டை போட்டிருக்கலாம். நண்பர் போதும் என்றார்.

வாங்கப் போகிறவர்கள் கீழே விரிக்க ஒரு பாய் எடுத்துப் போங்கள். படகு டிரெய்லரில் நிற்கும்போதே அடியில் படுத்து, கீழ்த்தகட்டை வெளியிலிருந்து, ஓரத்திலிருந்து ஓரம் அளந்து பாருங்கள். உள்ளே எடுக்கும் எந்த அளவையும் நம்பாதீர்கள். தகடு இல்லாத படகு, எண் மேல் பெயின்ட் அடித்த படகு என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பின்பலகையைச் சுத்தியல் பிடியால் தட்டுங்கள். உள்ளே மரம் உளுத்திருந்தால் சத்தம் மந்தமாக வரும். முன்பணம் கொடுப்பதற்கு முன் தண்ணீரில் இறக்கி, நீங்கள் கூட்டிப்போகும் ஆட்களையே ஏற்றி, மோட்டார் பக்கம் எவ்வளவு அமிழ்கிறது என்று பாருங்கள். இதற்கு மறுக்கும் கடைக்காரரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. மோட்டார் வாங்குவதற்கு முன் நீங்கள் போகும் வேட்டை நிலத்தின் அந்த வருஷ விதிப் புத்தகத்தையும் திறந்து பாருங்கள். மோட்டார் அளவுக்கும் வகைக்குமான கட்டுப்பாடு நிலத்துக்கு நிலம் மாறுகிறது.

போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். எங்கள் படகு மோட்டார் இல்லாமல் முன்வரிசையில் நிற்கிறது. பெயின்டை இப்போது முழுப் பழுப்பாக மாற்றியிருக்கிறார்கள். கண்ணாடித்தாள் உறைக்குள் தொங்கும் அட்டையில் இன்னும் 1648 என்றுதான் இருக்கிறது. பின்பலகையின் வலது மூலையில் நாங்கள் சுரண்டிய இடத்தில் பெயின்ட் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். தடவினால் விரலுக்குத் தெரியும்.