ஏற்காட்டில் டென்ட் அடித்துக் காட்டி இமயமலைக்குப் பணம் வாங்குகிறார்கள், உஷார்

சேலத்தில் இருந்து இமயமலைப் பனிச்சிகரத்துக்குக் கூட்டிப் போகிறோம் என்று ஆள் சேர்க்கிற ஒரு குழுவிடம் 48,000 ரூபாய் கட்டிவிட்டு நாங்கள் பட்ட பாடு இது. புகார் நிலுவையில் இருப்பதால் பெயர் போடவில்லை. போட்டாலும் பெரிய பிரயோஜனம் இல்லை, இந்த மாதிரிக் குழுக்கள் இப்போது நாலு ரோட்டுக்கு ஒன்று, ஐந்து ரோட்டுக்கு ஒன்று என்று முளைத்துக்கொண்டிருக்கின்றன, எல்லோரும் ஒரே நோட்டீஸைத்தான் கலர் மாற்றி அனுப்புகிறார்கள். யாரிடம் கட்டுவதாக இருந்தாலும் சாப்பாடு, ஸ்லீப்பிங் பேக், சர்டிபிகேட் எல்லாம் அப்புறம் கேட்கலாம். முதலில் கேட்க வேண்டியது, ராத்திரி டென்ட் எங்கே போடுவீர்கள், அந்த இடத்தை முடிவு செய்வது யார் என்பதுதான்.

நாங்கள் போனது மணாலிக்கு மேலே இருக்கிற ஃப்ரெண்ட்ஷிப் பீக், 5,289 மீட்டர். பனியாறு, அதாவது மெல்ல நகரும் பனிக்கட்டிப் பரப்பு உள்ள மலை, மேல் பகுதியில் பனிப்பிளவுகள், அதாவது பனிக்கட்டியில் ஆழமான வெடிப்புகள் உண்டு, கயிறு கட்டி ஏற வேண்டும். புதிதாகப் பனிமலை ஏறுகிறவர்களுக்கு ஏற்றது என்று எல்லோரும் சொல்வார்கள், அது ஓரளவு உண்மைதான், கூட்டிப் போகிறவர்கள் ஒழுங்காக இருந்தால்.

இதற்கு முன்னோட்டமாக ஏற்காட்டில் ஒரு பயிற்சி முகாம் கட்டாயம் என்றார்கள், அதற்குத் தனியாக 6,000. நாகலூர் தாண்டி ஒரு காபி எஸ்டேட், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே டென்ட். "இங்க ரெண்டு நைட் தூங்கினா போதுங்ண்ணா, உடம்பு ஹைட்டுக்குப் பழகிரும், மணாலில தலைவலியே வராது" என்றார் நடத்துகிறவர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். உயரத்தில் காற்று குறைவதால் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் ஆளைப் பிடிக்கும், அதனால் அதற்கு உடம்பைப் பழக்க வேண்டுமென்றால் அந்த உயரத்துக்குப் பக்கத்திலாவது போய்த் தூங்கியாக வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து மிளகு பஜ்ஜி சாப்பிட்டதற்கெல்லாம் நுரையீரல் பழகாது. அந்த 6,000 ரூபாய் சுத்தமான ஏமாற்று.

முகாமில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? கம்பியைச் செருகி டென்டை நிறுத்துவது எப்படி என்று காட்டினார்கள். பள்ளத்தாக்கின் விளிம்பில், கீழே சேலத்தின் விளக்குகள் தெரிகிற இடத்தில் டென்ட் போட வைத்து போட்டோ எடுத்தார்கள். ஏற்காட்டில் வியூ பார்த்து இடம் பிடித்தால் மிஞ்சிப்போனால் பனிமூட்டத்தில் துணி நனையும். பனிமலையில் அப்படி இல்லை. பனிச்சரிவு வந்தால் என்ன செய்வது என்று எங்களுடன் வந்த ஒரு அக்கா கேட்டதற்கு, "அதெல்லாம் அங்க கைடு பாத்துக்குவாருங்க்கா" என்று பதில் வந்தது.

அங்கே யாரும் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை.

நோட்டீஸில் மூன்று கேம்ப் போட்டிருந்தார்கள். சுமார் 3,300 மீட்டரில் பகர்தாச், அதற்கு மேலே லேடி லெக், அதற்கும் மேலே பனியில், உச்சிக்கு ஏறக் கிளம்பும் சம்மிட் கேம்ப். நடந்தது என்னவென்றால் பகர்தாச்சில் தங்கினோம், மறுநாள் அதற்குக் கொஞ்சம் மேலே ஓடையோரம் ஒரு சமதளத்தில் டென்ட் போட்டுவிட்டு "இதுதான் சம்மிட் கேம்ப்" என்றார்கள். கோவேறு கழுதைகள் அதுவரைதான் வரும், அதற்கு மேலே சிலிண்டர், அரிசி, முட்டை அட்டை எல்லாவற்றையும் போர்ட்டர்கள் முதுகில்தான் ஏற்ற வேண்டும், அந்தக் கூலியை மிச்சம் பிடித்துவிட்டார்கள். சமையல் டென்ட் எங்கேயோ அங்கேதான் கேம்ப்.

அந்த இடமாவது நல்ல இடமா? இரண்டு பக்கமும் பாறை, நடுவே மேலிருந்து இறங்கும் ஒரு ஒடுக்கமான சரிவு, அதன் வாயில் எங்கள் டென்ட்கள். டென்டுக்குப் பின்னால் பனி வெள்ளையாக இல்லை. கட்டிகட்டியாக, கல் மாதிரி இறுகி, உள்ளே சேறும் வேரோடு பெயர்ந்த புல்லும் பொதிந்து கிடந்தது. ஒரு கட்டியைக் காலால் உதைத்தால் கால்தான் வலித்தது. பனிச்சரிவு ஓடி வந்து நின்ற இடம் அப்படித்தான் இருக்கும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவில்தான் பெரும்பாலான பனிச்சரிவுகள் கிளம்புகின்றன, மேலே இருந்தது அந்த மாதிரிச் சரிவுதான், கண்ணாலேயே தெரிந்தது. ஒரு தடவை ஓடிய வழியில் மறுபடியும் ஓடும். குல்லு பக்கத்து உள்ளூர் கைடிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் "பாய்சாப், யஹான் க்யோன்?", இங்கே ஏன் என்று கேட்டேன். அவர் மேலேயும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, சேலத்து சாரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாவம், அவருக்கும் தெரிந்திருக்கிறது. நாங்கள் நாலு பேர் எங்கள் டென்டைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்த மேட்டில் போட்டுக்கொண்டோம். மற்றவர்கள் அங்கேயே படுத்தார்கள்.

நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்களுக்கு: 1990 ஜூலை 13 அன்று கிர்கிஸ்தான்-தஜிகிஸ்தான் எல்லையில் இருக்கிற லெனின் சிகரத்தில் சுமார் 5,300 மீட்டரில் இருந்த கேம்ப் மேல் பனிச்சரிவு விழுந்து 43 பேர் இறந்தார்கள். நிலநடுக்கத்தில் மேலே தொங்கிக்கொண்டிருந்த பனிப்பாறை உடைந்து வந்தது. 2012 செப்டம்பரில் நேபாளத்து மனாஸ்லு சிகரத்திலும் கேம்ப்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல்தான் வந்து விழுந்தது. அப்படித் தொங்குகிற பனிச்சுவருக்கு வெயில், நிழல், நேரம் எதுவும் கணக்கில்லை, எப்போது வேண்டுமானாலும் உடையும். இதில் வேடிக்கை, நோட்டீஸில் "சம்மிட் கேம்ப்" என்று போட்டிருந்த படத்தில் மஞ்சள் டென்ட்கள் சரியாக அப்படியொரு சுவருக்குக் கீழேதான் இருக்கின்றன. அது எந்த மலையோ, எங்கிருந்து சுட்ட படமோ.

பனியாற்றின் மேலேயே டென்ட் போடுவதாக இருந்தால் அது வேறு வேலை. நீளக் கம்பியால் டென்ட் வரும் இடம் முழுவதும் குத்திப் பார்க்க வேண்டும், கம்பி திடீரென்று லேசாக இறங்கினால் அடியில் பிளவு இருக்கிறது என்று அர்த்தம். சோதித்த எல்லையைச் சுற்றிக் கொடி நட்டு, அதற்குள் மட்டும்தான் கயிறில்லாமல் நடக்கலாம், டாய்லெட் குழியும் அதற்குள்ளேயே. எங்கள் குழுவிடம் அந்தக் கம்பியும் இல்லை, கொடியும் இல்லை. எல்லோருக்குமாக இருந்தது ஒரே ஒரு கயிறு.

ஏறுகிற ராத்திரி என்ன ஆனது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 3,400 சொச்சத்தில் இருந்து 5,289க்கு ஒரே இரவில், அதாவது கிட்டத்தட்ட 1,900 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேலே போனால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு, படிப்படியாகக் கேம்ப் போடுவது அதற்காகத்தான். எங்களுக்கு அந்தப் படி ஒன்றுமே இல்லை. பாதி வழியில் ஒரு பெண் வாந்தி எடுத்தாள், அவளுக்கு நடை தள்ளாட ஆரம்பித்ததும் கீழே இறக்கினார்கள், அவளோடு ஒரு கைடு போய்விட்டார். மற்றவர்கள் வெயில் ஏறி, கால் முட்டி வரை பனியில் புதைய ஆரம்பித்ததும் திரும்பினோம். திரும்பியது சரியான முடிவு, அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஊருக்கு வந்து பணம் கேட்டால், "சம்மிட்டுக்கு கேரண்டி இல்லைன்னு பாரத்துல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்" என்கிறார்கள். நாங்கள் கேட்பது உச்சி இல்லை, போடாத இரண்டு கேம்புக்கான பணம். பாரத்தில் கேம்ப் கேரண்டி இல்லை என்று எங்கேயும் எழுதவில்லை.

பணம் கட்டப் போகிறவர்கள் கேம்ப் ஒவ்வொன்றின் பெயரையும் உயரத்தையும் எழுத்தில் வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். மலையில் முடிவு எடுக்கிற தலைமைக் கைடு உத்தரகாசி, டார்ஜீலிங், மணாலி மாதிரி அரசு மலையேற்ற நிறுவனத்தில் படித்தவரா என்று சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். சேலத்தில் உட்கார்ந்திருப்பவர் போனில் இடம் சொல்கிறார் என்றால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். இதே நோட்டீஸ், அதே மஞ்சள் டென்ட் படத்தோடு அக்டோபர் பேட்ச் என்று இப்போது மறுபடியும் சுற்றுகிறது. அட்வான்ஸ் கொடுத்தவர்கள் மீதியைக் கட்டாதீர்கள். போய் வந்து நொந்தவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப்பில் பேசியதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு என்னைத் தொடர்புகொள்ளுங்கள், எங்கள் வக்கீலிடம் சேர்த்தே பேசலாம்.