ஆபரேஷனுக்கு முன்னால்: சாதா சோப்பா, மருந்து சோப்பா?

குடலிறக்க ஆபரேஷனுக்காக உசிலம்பட்டியிலிருந்து ஒரு அப்பத்தா வந்திருந்தார். கொண்டையில் மல்லிகை, வயிறு முழுக்க மஞ்சள். பேரன் கையில் சீல் பிரிக்காத குளோர்ஹெக்சிடின் பாட்டில், அதாவது கிருமி கொல்லும் மருந்து சோப்பு. "இதைப் போட்டாத்தான் புண்ணு சீழ் வைக்காதுன்னு மெடிக்கல்ல சொன்னாங்க சிஸ்டர்" என்றான். "குளிச்சீங்களா அப்பத்தா?" என்று கேட்டேன். "நேத்துக் காலையில குளிச்சேன் தாயி" என்றார்.

தியேட்டர் நர்ஸாக இருக்கும் என்னிடம் நிறைய பேர் கேட்பது இதுதான்: குளிக்க எந்த சோப்பு நல்லது? குளோர்ஹெக்சிடின் தோலில் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் கிருமியை அடக்கும். சாதா சோப்புக்கு அந்தக் குணம் கிடையாது. கேட்டால் மருந்து சோப்புதான் ஜெயிக்கும் என்று தோன்றும். ஆனால் ஆபரேஷன் புண்ணில் சீழ் பிடிப்பது அதனால் தெளிவாகக் குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டியும் குளித்துவிட்டு வரச் சொல்கிறது. சோப்பு எதுவானாலும் சரி என்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மருந்து சோப்பை வாங்குங்கள், கண்ணிலும் காதிலும் படாமல் தேயுங்கள். இல்லையென்றால் வீட்டு சோப்பே போதும். முந்தின ராத்திரியும் அன்று காலையும் தேய்த்துக் குளியுங்கள். குளித்தபின் மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். தொப்புளை மறக்காதீர்கள். அப்பத்தாவின் தொப்புளில் கெட்டியாகிப் போயிருந்த அழுக்கை எடுக்க எனக்கு நாலு பஞ்சு ஆனது.

மருந்து நிஜமாகவே வேலை செய்யும் இடம் தியேட்டர். அங்கே கத்தி வைக்கும் முன் தோலில் எதைப் பூசுவது என்பதில் போட்டி பீட்டாடினுக்கும் ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடினுக்கும். 2010-இல் அமெரிக்காவில் 849 பேரிடம் நடந்த ஆய்வில், தண்ணீரில் கலந்த பீட்டாடின் பூசியவர்களில் 16.1 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது, மற்றவர்களில் 9.5 சதவீதம். அதனால் பீட்டாடின் மட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2024-இல் ஸ்விட்சர்லாந்தில் இரண்டையுமே ஸ்பிரிட்டில் கலந்து பார்த்தார்கள்: தொற்று பீட்டாடினுக்கு 5.1 சதவீதம், குளோர்ஹெக்சிடினுக்கு 5.5. பாதி வேலை ஸ்பிரிட்டுடையது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்பிரிட் முழுக்கக் காய வேண்டும். ஈரம் இருக்கும்போது கரண்ட் கத்தியை வைத்தால் தீப்பிடிக்கும்.

கண்ணுக்குக் கணக்கே வேறு. குளோர்ஹெக்சிடின் கருவிழியைக் கெடுத்துவிடும். 1976-இல் டாக்டர் வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய மதுரை இது. இங்கே கண்புரை ஆபரேஷன் செய்துகொள்ளாத குடும்பமே அபூர்வம். அந்த ஆபரேஷனுக்கு முன்னால் கண்ணில் விடுவது 5 சதவீத பீட்டாடின்தான்.

எனக்கு ரொம்பக் கவலை தருவது ரேசர். முந்தின நாளே வீட்டில் சிரைத்துக்கொண்டு வருகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன, ராத்திரி முழுக்க அதில் கிருமி வளர்கிறது. முடி இடைஞ்சலாக இருந்தால் நாங்களே கிளிப்பரில் வெட்டிவிடுவோம். சோப்பு விஷயத்தில் விட்டுக்கொடுப்பேன், இதில் மாட்டேன்.

அப்பத்தாவை வார்டு பாத்ரூமில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, வெந்நீரில் சாதா சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினோம். பாட்டிலைப் பேரன் மெடிக்கலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான்.