ஏழு வருஷமா தனிநபர் ஹெல்த் இன்சூரன்ஸ் கட்டுறேன்: எனக்கு நடந்ததும் நான் கேட்டு வாங்குனதும்

திருச்சியில ஜெராக்ஸ், டிடிபி கடை வச்சிருக்கேன். சொந்தத் தொழில்ங்கிறதால கம்பெனி குரூப் பாலிசின்னு ஒண்ணு கிடையாது, அதனால 2018 நவம்பர்ல எனக்கு 41 வயசு இருக்கும்போது 3 லட்சத்துக்கு ஒரு தனிநபர் பாலிசி எடுத்தேன். எங்க தெருவுல இருக்கிற ஏஜென்ட் அண்ணன் மூலமா தான். அவரே ஃபார்ம் ஃபில் பண்ணாரு, நான் மூணு இடத்துல கையெழுத்து போட்டேன், அவ்ளோ தான்.

பத்து நாள் கழிச்சு பாலிசி கவர் வந்துச்சு. பிரிச்சு பீரோவுல வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை புரட்டுனேன், கூடவே நான் கையெழுத்து போட்ட புரபோசல் ஃபார்ம் காப்பியும் இருந்துச்சு. அதுல "ரத்த அழுத்தம் உண்டா"ங்கிற கேள்விக்கு "இல்லை"ன்னு டிக் அடிச்சிருக்கு. நான் 2015ல இருந்து பிபி மாத்திரை போடுறேன், அது அவருக்கும் தெரியும். உடனே ஃபோன் பண்ணேன். "தம்பி, பிபின்னு போட்டா மெடிக்கல் டெஸ்ட்டுக்கு அனுப்புவான், பிரீமியத்த ஏத்துவான், இதெல்லாம் எவனும் பாக்க மாட்டான் விடுங்க"ன்னாரு. அவரு கெட்டவரு இல்ல, எனக்கு நல்லது பண்றதா நினைச்சு தான் அப்படி பண்ணிருக்காரு. ஆனா கீழ இருக்கிறது என் கையெழுத்து. நாளைக்கு கிளைம்ல மாட்டுனா மறைச்சது நான்னு தான் ஆகும்.

பாலிசி கைக்கு வந்த பிறகு பிடிக்கலன்னா திருப்பிக் குடுக்க ஃப்ரீ லுக்னு ஒரு டைம் இருக்கு, அப்போ 15 நாள், 2024ல இருந்து 30 நாள் ஆக்கிட்டாங்க. அந்த டைமுக்குள்ளயே கம்பெனிக்கு மெயில் போட்டேன், எனக்கு பிபி இருக்கு, இந்த வருஷத்துல இருந்து, இந்த மாத்திரை, ஃபார்ம்ல தப்பா இருக்கு, திருத்துங்க இல்லன்னா பணத்த திருப்பிக் குடுங்கன்னு. டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்க, வருஷத்துக்கு 1,100 ரூபா கூட போட்டாங்க, பிபி சம்பந்தமானதுக்கு 4 வருஷம் வெயிட்டிங் பீரியட், அதாவது அது வரைக்கும் அதுக்கு கிளைம் கிடைக்காது. (இப்போ எந்த கம்பெனியும் ஏற்கனவே இருக்கிற நோய்க்கு 3 வருஷத்துக்கு மேல வெயிட்டிங் வைக்க முடியாது.) அந்த 1,100 ரூபா அன்னைக்கு கசந்துச்சு, உண்மை தான்.

அதோட மதிப்பு 2023ல தெரிஞ்சுது. குடலிறக்கம் (ஹெர்னியா), லேப்ராஸ்கோப்பில மெஷ்ங்கிற வலை வைக்கணும்னு சொல்லிட்டாங்க. ஹெர்னியாவுக்கு 2 வருஷ வெயிட்டிங், அது எப்பவோ முடிஞ்சிருச்சு. கேஷ்லெஸ்ஸுக்கு (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா பணம் கட்டுறது) அனுப்புன உடனே, கம்பெனிக்காக கிளைம் பாக்குற ஏஜென்சியான டிபிஏ கிட்டருந்து வந்த முதல் கேள்வியே "பிபி எத்தனை வருஷமா". டாக்டர் 2015ன்னு எழுதுனாரு, என் மெயில்லயும் அதே 2015, அடுத்த கேள்வி வரல. அந்த மெயில் போடலன்னா அன்னைக்கு என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இப்பவும் நெஞ்சு படபடங்குது.

ஆனா அடி வேற பக்கத்துல இருந்து வந்துச்சு. என் பாலிசில ரூம் வாடகைக்கு வரம்பு இருந்துச்சு, பாலிசி தொகையில 1 சதவீதம், அதாவது நாளுக்கு 3,000. அட்மிஷன் அன்னைக்கு அந்த ரேட்ல ரூம் காலி இல்ல, 4,500 ரூம்ல போட்டாங்க. கூடுதல் 1,500 நாம கட்டிக்கலாம், ரெண்டு நாள் தானேன்னு நினைச்சேன். டிஸ்சார்ஜ் அன்னைக்கு கையில கேனுலா எடுத்த இடத்துல பஞ்சு ஒட்டியிருக்கு, பில்லிங் கவுன்ட்டர் முன்னாடி ஸ்டீல் சேர்ல வயித்த புடிச்சிட்டு உக்காந்திருக்கேன், மொத்த பில் 1,02,000, அப்ரூவல் வந்தது 68,000. மிச்சம் 34,000 கட்டுங்கன்றாங்க. எனக்கு தகுதியான 3,000, நான் இருந்த 4,500 ரூம்ல மூணுல ரெண்டு பங்கு தான், அதனால எல்லாத்தையும் மூணுல ரெண்டா வெட்டிட்டாங்க. மச்சான் கூகுள்பே பண்ணான், வீட்டுக்கு வந்துட்டோம்.

படுத்த படுக்கையா இருந்த அந்த ஒரு வாரம் பாலிசி வார்த்தைகள முழுசா படிச்சேன். விகிதப்படி வெட்டுறது எல்லாத்துக்கும் கிடையாது. ரூம் வாடகை, சர்ஜன் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் மாதிரி ரூமுக்கு ஏத்த மாதிரி ரேட் மாறுற செலவுக்கு தான். மருந்து, உடம்புல வைக்கிற பொருள், டெஸ்ட் இதுல எல்லாம் வெட்டக்கூடாதுன்னு 2020லயே இன்சூரன்ஸ் கம்பெனிகள கட்டுப்படுத்துற ஐஆர்டிஏஐ சொல்லிருக்கு, ஐசியு வாடகையிலயும் கூடாது. என் பில்ல எடுத்து வச்சேன். ரூம் 9,000, சர்ஜன், மயக்க டாக்டர், தியேட்டர் எல்லாம் சேர்த்து 54,000, இந்த 63,000ல மூணுல ஒரு பங்கு 21,000 வெட்டுனது சரி, அது என் தப்பு, ஏத்துக்கிட்டேன். ஆனா மெஷ் 18,000, மருந்து 15,000, லேப் ஸ்கேன் 6,000, இந்த 39,000ல வெட்டுன 13,000 என் பணம்.

ஏஜென்ட் அண்ணன் கிட்ட சொன்னேன். "சண்டை போட்டீங்கன்னா அடுத்த வருஷம் ரெனியூவல் பண்ண மாட்டான் தம்பி"ன்னாரு. இதுவும் தப்பு. கிளைம் வாங்குனதுக்காக ரெனியூவல மறுக்க முடியாது, விதியே இருக்கு. ஊருல பாதி பேரு இந்த ஒரு பயத்துலயே வெட்டுனத வாங்கிட்டு சும்மா இருக்காங்க, அது தான் எனக்கு ரொம்ப வருத்தம்.

முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில், பில்லோட ஒவ்வொரு வரிக்கும் எவ்ளோ வெட்டுனீங்க, எந்த விதிப்படின்னு. "பாலிசி விதிமுறைப்படி செட்டில் செய்யப்பட்டது"ன்னு ஒரே வரி பதில். ஐஆர்டிஏஐயோட புகார் தளமான பீமா பரோசா போர்ட்டல்ல போட்டேன் (155255 ஃபோன் பண்ணியும் பதியலாம்), அங்கயும் கம்பெனி அதே வரிய ஒட்டிச்சு. அப்புறம் தான் ஓம்பட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் புகார விசாரிச்சு தீர்ப்பு சொல்றவர். தமிழ்நாட்டுக்கு ஆபீஸ் சென்னை தேனாம்பேட்டையில. முதல்ல கம்பெனிக்கு எழுதிருக்கணும், ஒரு மாசம் பதில் இல்லன்னாலோ பதில் சரியில்லன்னாலோ போகலாம், ஒரு வருஷத்துக்குள்ள போயிரணும். ஃபீஸ் கிடையாது, வக்கீல் வச்சுக்கவும் கூடாது, நாமளே பேசணும். தீர்ப்பு கம்பெனிய கட்டுப்படுத்தும், நமக்கு பிடிக்கலன்னா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாம். நான் ரெண்டு பக்கம் தமிழ்ல டைப் பண்ணி, கூட அந்த மூணு வரி கணக்கு டேபிள் வச்சு அனுப்புனேன்.

ஹியரிங் தேதி வந்த பத்தாவது நாள் கம்பெனில இருந்து ஒரு பொண்ணு கூப்பிட்டு "சார், மறுபரிசீலனை பண்ணிட்டோம், 13,000 போட்டுடுறோம், சம்மதம்னு ஒரு மெயில் போடுங்க"ன்னாங்க. பணம் வந்ததுக்கு அப்புறம் தான் போடுவேன்னேன். நாலு நாள்ல வந்துச்சு. எல்லாம் சேர்ந்து அஞ்சு மாசம்.

2024 ரெனியூவல்ல வேற கம்பெனிக்கு போர்ட் பண்ணேன், அதாவது பாலிசிய அங்க மாத்திக்கிட்டேன், ரூம் வரம்பே இல்லாத 10 லட்சம் பாலிசி. இதுல ஒண்ண யாரும் தெளிவா சொல்றதில்ல. போர்ட் கேக்குறது நம்ம உரிமை, ஆனா எடுத்துக்கணும்னு புது கம்பெனிக்கு கட்டாயம் இல்ல. முதல்ல கேட்ட கம்பெனி பிபியப் பாத்துட்டு மாட்டேன்னுட்டாங்க, ரெண்டாவது இடத்துல தான் ஒத்துக்கிட்டாங்க. அதனால கடைசி வாரத்துல போகாதீங்க, ரெனியூவலுக்கு 45 நாள் முன்னாடியே ஆரம்பிங்க, பழைய பாலிசிய நடுவுல விட்டுறாதீங்க. முடிச்ச வெயிட்டிங் பீரியட் எல்லாம் கூடவே வரும், ஆனா பழைய தொகை அளவுக்கு தான், நான் ஏத்துன மிச்சத்துக்கு புதுசா எண்ணுவாங்க.

அதே வருஷம் டிசம்பர்ல வீட்டுக்காரிக்கு டெங்கு, அவ பாலிசி தனி. ஐஆர்டிஏஐயோட 2024 மே சர்க்குலர்படி கேஷ்லெஸ் கேட்டா ஒரு மணி நேரத்துல முடிவு, டிஸ்சார்ஜுக்கு மூணு மணி நேரம், அதுக்கு மேல லேட்டாகி ஆஸ்பத்திரி கூட சார்ஜ் போட்டா கம்பெனி தான் கட்டணும். டாக்டர் காலையில 9:30க்கு வீட்டுக்குப் போலாம்னாரு. 12:30 ஆகியும் ஒண்ணும் வரல, கேட்டா "இன்சூரன்ஸ்ல பெண்டிங் சார்". மெயில் எத்தனை மணிக்கு அனுப்புனீங்க, ஸ்கிரீன காட்டுங்கன்னு கேட்டேன். அனுப்பவே இல்ல. 12:50க்கு அனுப்புனாங்க, 2:35க்கு அப்ரூவல் வந்துருச்சு. அந்த மூணு மணி நேரம் ஆஸ்பத்திரி ஃபைல் அனுப்புனதுல இருந்து தான் ஓடும், டாக்டர் சொன்னதுல இருந்து இல்ல.

2024ல என் பிரீமியம் 18,000, ஜிஎஸ்டி 3,240, மொத்தம் 21,240. 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி எடுத்துட்டாங்க, அந்த நவம்பர்ல பிரீமியம் 19,600 ஆச்சு, கட்டுனதும் அதே 19,600. இப்போ கடைக்கு யாராச்சும் பாலிசி ஃபார்ம் ஜெராக்ஸ் எடுக்க வந்தா நோய் கேள்வி இருக்கிற பக்கத்த அவங்க கையில குடுத்து ஒரு தடவை படிக்கச் சொல்றேன். போன வாரம் ஒரு அக்கா படிச்சுப் பாத்துட்டு, சுகருக்கு "இல்லை"ன்னு இருந்தத அங்கேயே அடிச்சு திருத்தி கையெழுத்து போட்டுட்டுப் போனாங்க.