இருவர் கண்ணும் தெளிவாக விழ: அம்மா–பிள்ளை ஃபோட்டோ ஷூட்டுக்கு கேனான் ஆர்எஃப் 50எம்எம் எஃப்/1.8

இந்த லென்ஸைப் பலரும் வாங்குவது பெயரில் இருக்கும் அந்த 1.8-க்காகத்தான். அது அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் திறக்கும் துளையின் அளவு: எண் குறைந்தால் துளை பெரிதாகும், வெளிச்சம் கூடும், தெளிவாக விழும் ஆழம் குறையும். ஆனால் அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்து எடுப்பதற்கென்று வாங்கினால், 1.8-ஐத் தொடும் சந்தர்ப்பம் குறைவு. பெரும்பாலான படங்கள் எஃப்/2.8-க்கும் எஃப்/5.6-க்கும் நடுவில்தான் வரும். அப்படியும் வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். கேமராவோடு சேர்ந்து வந்த கிட் லென்ஸோடு இருப்பவர் இந்த வேலைக்கு அடுத்ததாக வாங்க வேண்டியது இதுதான். இதனால் எது முடியும், எது முடியாது என்று தெரிந்துகொண்டு ஷூட்டைத் திட்டமிட வேண்டும், அவ்வளவுதான்.

2020 கடைசியில் வந்த லென்ஸ் இது. எடை 160 கிராம், முன்பக்க ஃபில்டர் அளவு 43 எம்எம், அப்பர்ச்சரில் 7 பிளேடு. லென்ஸுக்குள் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) கிடையாது. பெட்டியில் ஹுட்டும் (லென்ஸ் முனையில் மாட்டும் வெளிச்ச மறைப்பு) வராது, இஎஸ்-65பி என்று தனியாக வாங்க வேண்டும். எடை குறைவு என்பது இந்த வேலையில் சின்ன விஷயம் இல்லை. தரையில் படுத்து, முட்டி போட்டு, ஒரு கையில் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு மறு கையால் எடுக்க வேண்டியிருக்கும். சிறிய லென்ஸைப் பார்த்துக் குழந்தை மிரள்வதும் குறைவு.

இனி முக்கியமான கணக்குக்கு வருவோம். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில், முகத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எஃப்/1.8-ல் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். அம்மா மடியில் குழந்தை முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தால், இரண்டு முகங்களுக்கும் இடையே சாதாரணமாக 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். குழந்தையின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் அம்மாவின் முகம் மசமசவென்று போகும். கேமராவின் சின்னத் திரையில் அது தெரியாது, பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் தெரியவரும். அதே தூரத்தில் எஃப்/2.8 வைத்தால் ஆழம் 15 சென்டிமீட்டர் அளவுக்கு வரும், எஃப்/4 வைத்தால் 21. இரண்டு மீட்டருக்குப் பின்வாங்கினால் எஃப்/2.8-லேயே 26 சென்டிமீட்டர் கிடைத்துவிடும். அதனால் மடியில் உட்காரவைத்து எடுக்கும் படத்துக்கு எஃப்/4, அல்லது இரண்டடி பின்னால் போய் எஃப்/2.8. இந்த ஆழம் முழுக்க ஃபோகஸ் வைத்த இடத்துக்குப் பின்னால் விழுவதில்லை என்பதையும் கவனிக்கவும். இந்தத் தூரங்களில் கிட்டத்தட்ட பாதி முன்னாலும் பாதி பின்னாலும் பிரியும். ஆகவே குழந்தையின் கண்ணில் ஃபோகஸ் வைப்பதாக இருந்தால், எண்ணை எஃப்/5.6 வரை கூட்டிக்கொள்வதே பத்திரம்.

அப்பர்ச்சரை மாற்றாமலும் இதைச் சமாளிக்கலாம். இருவர் முகமும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி உட்காரவைத்தால் போதும். கன்னத்தோடு கன்னம் ஒட்டியிருப்பது, எதிரெதிரே படுத்து மூக்கோடு மூக்கு உரசுவது, இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க நாம் பக்கவாட்டில் நின்று எடுப்பது, இவற்றுக்கெல்லாம் எஃப்/2 தாங்கும். அம்மா பிள்ளையைத் தோளில் சாய்த்துத் தூக்கி வைத்திருக்கும்போது பிள்ளையின் முகம் நம் பக்கமும் அம்மாவின் முகம் மறுபக்கமும் இருந்தால், 1.8-க்கே போகலாம். அங்கே தெளிவாக இருக்க வேண்டியது ஒரே முகம்தான். ஷூட்டுக்கு முன்பே இப்படி எந்தப் படத்துக்கு எந்த எண் என்று குறித்து வைத்துக்கொண்டால், குழந்தை சிரிக்கும் அந்த மூன்று நொடியில் டயலைத் திருகிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

ஐ டிடெக்‌ஷன் பற்றி ஓர் எச்சரிக்கை. கேமரா தானாகக் கண்ணைக் கண்டுபிடித்து ஃபோகஸ் வைக்கும் வசதி இது. ஃபிரேமில் இரண்டு முகம் இருந்தால் கேமரா தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் பிடிக்கும், குழந்தை தலையைத் திருப்பியதும் அடுத்ததற்குத் தாவும். திரையில் குழந்தையின் முகத்தைத் தொட்டுத் தேர்ந்தெடுத்துவிட்டால் பெரும்பாலும் அதிலேயே நிற்கும். குழந்தை அம்மாவின் கழுத்தில் முகம் புதைக்கும் காட்சியில் டிடெக்‌ஷனை அணைத்துவிட்டு ஒற்றைப் புள்ளியைக் குழந்தையின் புருவத்தில் வைப்பதே மேல்.

அடுத்து, அறையின் அளவு. நின்றுகொண்டிருக்கும் அம்மாவைத் தலை முதல் கால் வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க ஃபிரேமில் இரண்டு மீட்டர் உயரம் தேவை. ஃபுல் ஃபிரேமில் அதற்கு 2.8 மீட்டர் தள்ளி நின்றால் போதும். ஆர்50, ஆர்10 போன்ற கிராப் சென்சார் (சிறிய சென்சார்) பாடியில், அதாவது கேமராவில், இதே லென்ஸ் 80எம்எம் போல நடந்துகொள்ளும், அங்கே நாலரை மீட்டர் வேண்டும். சாதாரணப் படுக்கையறையில் அவ்வளவு இடம் கிடைக்காது. கிராப் பாடி வைத்திருப்பவர் வீட்டுக்குள் இந்த லென்ஸை இடுப்புவரைக்கும் முகத்துக்கும் வைத்துக்கொண்டு, முழு உருவத்துக்குக் கிட் லென்ஸை மாட்டுவதே நடைமுறை. சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு இன்னும் ஓர் அங்குலம் பின்னால் போகப் பார்ப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

கிட்டத்தில் எடுக்கும் படங்களில்தான் இந்த லென்ஸ் எதிர்பார்த்ததைவிட அதிகம் தருகிறது. குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் 30 சென்டிமீட்டர், அதிகபட்ச உருப்பெருக்கம் 0.25. ஃபுல் ஃபிரேமில் 14 சென்டிமீட்டர் அகலமுள்ள ஓர் இடம் படம் முழுவதையும் நிரப்பும். பிறந்த குழந்தையின் பாதம் 8 சென்டிமீட்டருக்கு உள்ளேதான் இருக்கும். அம்மாவின் உள்ளங்கையில் அந்தப் பாதம் அப்படியே அடங்கிவிடும், பெருவிரல் நகத்தின் ஓரம் வரை பார்க்கலாம். ஆனால் இவ்வளவு கிட்டத்தில் எஃப்/1.8 வைத்தால் தெளிவு சுமார் 2 மில்லிமீட்டர்தான், ஒரு விரல்கூட முழுதாக வராது. எஃப்/8 வைத்தால் ஒரு சென்டிமீட்டரை நெருங்கும். ஐந்து விரல் நுனிகளும் கேமராவுக்கு நேராக ஒரே வரிசையில் வரும்படி கோணத்தை வைத்துக்கொண்டால் அது போதும். லென்ஸின் நிழல் பாதத்தின் மேல் விழாமல் இருக்க வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும்.

எஃப்/8 என்றதும் வெளிச்சம் எங்கே என்ற கேள்வி வரும். வீட்டுக்குள் எடுக்கிறவர்களுக்கு ஜன்னல்தான் விளக்கு. நேர் வெயில் விழாத ஜன்னலிலிருந்து ஒன்று ஒன்றரை மீட்டரில் கட்டிலை இழுத்துப் போடுங்கள். அறையின் எல்லா லைட்டையும் அணையுங்கள். அணைக்காவிட்டால் முகத்தின் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி மஞ்சளாகவும் வரும், அதை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு. லைட் அணைத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. தூங்கும் குழந்தைக்காக எலக்ட்ரானிக் ஷட்டரில் சத்தமில்லாமல் எடுக்கும்போது, எல்இடி விளக்கு எரிந்தால் படத்தில் கோடுகோடாக விழக்கூடும். ஜன்னல் வெளிச்சத்தில் அந்தத் தொல்லை இல்லை. குழந்தையின் முகம் ஜன்னலைப் பார்க்க வேண்டும், அம்மா நடுவில் வந்து மறைக்கக் கூடாது. இருட்டுப் பக்கத்தில் ஒரு வெள்ளை விரிப்பைத் தொங்கவிட்டால் நிழல் இளகும். அடர் பச்சையோ சிவப்போ போர்வையாக இருந்தால் அந்த நிறம் குழந்தையின் தாடையில் ஏறிவிடும். மெல்லிய கோடு போட்ட சட்டையும் வேண்டாம், துணியில் அலையலையாக மோரே விழும்.

ஷட்டர் ஸ்பீடில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். தூங்கும் குழந்தைக்கு 1/125 நொடி, உட்கார்ந்து விளையாடுவதற்கு 1/250, ஓடுவதற்கு 1/800-க்கு மேல். ஆர்8, ஆர்பி, ஆர்50 போன்ற பாடிகளில் சென்சார் ஸ்டெபிலைசேஷனும் இல்லை என்பதால் 1/125-க்குக் கீழே போவது வீண் சாகசம். பாடியில் அது இருந்தாலும் நம் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், குழந்தையின் கை அசைவை நிறுத்தாது. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன், கூடினால் படத்தில் புள்ளி விழும்) 3200 வரை ஏறினால் ஏறட்டும். புள்ளி விழுந்த படத்தை யாரும் ஆல்பத்திலிருந்து தூக்குவதில்லை, அசைந்த முகத்தைத் தூக்கிவிடுவார்கள். கிட் லென்ஸில் எஃப்/6.3-ல் ஐஎஸ்ஓ 6400 கேட்கும் அதே இடத்தில் இது எஃப்/4-ல் 2500-லும், எஃப்/2.8-ல் 1250-லும் முடித்துவிடும். கொடுத்த காசு நியாயம் என்று தோன்றுவது இங்கேதான்.

என்ன எடுப்பது என்பதை லென்ஸ் சொல்லித் தராது. ஷூட்டுக்கு முன்பு அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: தினமும் பிள்ளையோடு செய்வதில், பிள்ளை வளர்ந்ததும் நின்றுபோகப் போவது எது? தலைவாரிப் பின்னுவது, ஷூ கயிறு கட்டிவிடுவது, கதைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்பது என்று எதையாவது சொல்வார். அதைச் செய்யச் சொல்லிவிட்டு இரண்டு மீட்டர் தள்ளி உட்காருங்கள், உங்கள் கேமராவும் குழந்தையின் கண் மட்டத்தில் இருக்கட்டும். ‘இங்கே பார்’ என்று கூப்பிடவே வேண்டாம். கூப்பிட்டால் வருவது அடையாள அட்டைச் சிரிப்பு. நேரத்தை அம்மாவே முடிவு செய்யட்டும், தூங்கி எழுந்து பசியாறிய பிறகு என்பது பெரும்பாலும் ஒத்துவரும். நடை பழகிய குழந்தை 20, 30 நிமிடத்துக்கு மேல் ஒத்துழைக்காது, எனவே இருவரும் சேர்ந்த படங்களை முதலில் முடியுங்கள், தனிப் படங்கள் கடைசியில். கைக்குழந்தையை மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்கும் படம் பட்டியலில் இருந்தால் அடித்துவிடுங்கள். வேகமாக உலுக்குவதும் எறிவதும் அந்த வயதுக் கழுத்துக்கும் மூளைக்கும் ஆபத்து.

குறைகளும் உண்டு. அம்மா–பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் இருக்க எடுத்தால் ஹுட் இல்லாத லென்ஸில் படம் முழுக்க வெளிறிப்போகும். முடியின் ஓரத்தில் பொன்னிறக் கோடு வேண்டும் என்று மாலை வெயிலுக்குப் போகிறவர்கள் ஹுட்டையும் சேர்த்தே வாங்க வேண்டும், இல்லையேல் கையால் மறைக்க வேண்டும். எஃப்/1.8-ல் மூலைகள் இருளும், தெளிவும் குறையும். வெள்ளைத் துணியின் விளிம்பில் ஊதா, பச்சை நிறம் கசியும். எஃப்/2.8-ல் இவை பெருமளவு அடங்கிவிடும். ஃபோகஸ் மோட்டார் விலை உயர்ந்த லென்ஸ்கள் அளவுக்கு வேகமில்லை. பிள்ளை நம்மை நோக்கி ஓடிவரும்போது சில படங்கள் தவறத்தான் செய்யும், தொடர்ச்சியாக எடுத்துத் தேர்ந்துகொள்ளுங்கள். அம்மாவை நோக்கிக் குறுக்காக ஓடவைத்தால் தவறுவது குறையும். வீடியோவில் மோட்டார் சத்தம் கேமரா மைக்கில் பதியும், தாலாட்டைப் பதிவு செய்ய நினைப்பவர் தனி மைக் வைத்துக்கொள்ளவும்.

35எம்எம் எஃப்/1.8 மேக்ரோவோடு ஒப்பிட்டால்? அதில் ஸ்டெபிலைசேஷன் உண்டு, 17 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம், எடை 305 கிராம். கிராப் பாடியில் வீட்டுக்குள்தான் வேலை என்றால் எங்கள் ஓட்டு அதற்கே. ஃபுல் ஃபிரேமில் அதை முகத்துக்கு அருகே கொண்டுபோனால் மூக்கு பெரிதாகும், அம்மாக்கள் மன்னிக்க மாட்டார்கள். 85எம்எம் எஃப்/2 முகத்துக்கு அழகுதான். ஆனால் முழு உருவத்துக்கு 4.7 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். அங்கிருந்து குழந்தையோடு பேச முடியாது, கத்தத்தான் முடியும். வெளியில் எடுப்பவருக்கு மட்டும் அது சரி.

கடைசியாகப் பிரிண்ட். 24 மெகாபிக்சல் படம் 6000 × 4000 பிக்சல், 20 × 30 அங்குலம் வரை அங்குலத்துக்கு 200 பிக்சல் கிடைக்கும், சுவருக்கு அது தாராளம். தகராறு வருவது 8 × 10 அங்குலப் படச் சட்டத்தில்தான். கேமரா எடுப்பது 3:2, எனவே நீளவாட்டில் ஆறில் ஒரு பங்கு வெட்டுப்படும். எடுக்கும்போதே இரு முனையிலும் இடம் விடாவிட்டால், வெட்டுப்படுவது குழந்தையின் கால்விரலாகத்தான் இருக்கும்.