ரோமக் காசு தேட பெரிய காயிலா, சின்னக் காயிலா?

இங்கிலாந்து வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு ரோமக் காசு தேடுகிறவர்கள் எப்படியும் ஒருநாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள்: கருவியோடு வந்த 11 அங்குலக் காயிலை (தரையை ஒட்டி வீசுகிற, உலோகத்தை உணரும் தட்டு) கழற்றிவிட்டு 15 அங்குலத்துக்குப் போவதா, 6 அங்குலத்துக்கு இறங்குவதா? நான் இறங்கியவன். இன்னமும் அதைத்தான் மாட்டியிருக்கிறேன், அதனால் நடுநிலை எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

பெரியது ஒரே வீச்சில் நிறைய நிலத்தைப் பார்க்கும், ஆழமாகவும் பார்க்கும், தோளை வாங்கிவிடும். சின்னது லேசு, ஆனால் ஒரு வயலை முடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

விஷயமே ஆணிதான். ரோமர் குடியிருந்த மண்ணில் கையால் அடித்த இரும்பாணி இறைந்து கிடக்கும். ஸ்காட்லாந்தில் இன்ச்டுத்தில் என்ற ரோமக் கோட்டையைக் காலி செய்தபோது படையினர் புதைத்துவிட்டுப் போன ஆணிகளே 8 லட்சத்துக்கு மேல் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 4ஆம் நூற்றாண்டுச் செம்புக் காசுகளில் சில சட்டைப் பொத்தான் அளவுகூட இருக்காது, பக்கத்திலேயே ஓர் ஆணி கிடந்தால் பெரிய காயில் இரண்டையும் சேர்த்தே பார்க்கும், நமக்குக் கருவி இரும்புக்குத் தரும் உறுமல் மட்டும் கேட்கும், காசை மிதித்துக்கொண்டே போய்விடுவோம். சின்னக் காயிலின் அடியில் ஒரு நேரத்தில் கொஞ்சம் மண்தான் அகப்படும், அதனால் உறுமலுக்கு நடுவே துண்டாகக் காசுக்கான கீச்சொலி வரும். அப்படியே தொண்ணூறு பாகை திரும்பி நின்று மறுபடி வீசுங்கள். அதே இடத்தில் கேட்டால் தோண்டலாம், ஒரு பக்கம் மட்டும் கேட்டால் பெரும்பாலும் வளைந்த ஆணி.

சரி, ஆழம் போய்விடுமே என்பார்கள். உழுத வயலில் ஏர் புரட்டிய மண்ணுக்குள் மட்டும் தோண்டச் சொல்லித்தான் அங்குள்ள நடத்தை நெறியே இருக்கிறது. அதற்குக் கீழே ஏதாவது இருந்தால் நிறுத்திவிட்டுத் தொல்லியலாளரைக் கூப்பிட வேண்டும். 2010இல் இங்கிலாந்தின் ஃப்ரோம் ஊர் அருகே 52,503 காசுகள் இருந்த பானையைக் கண்டவர் அப்படி நிறுத்தியதால்தான் அதை அடுக்கடுக்காகப் பிரித்து எடுக்க முடிந்தது. (நில உரிமையாளரின் அனுமதி, பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பக்கமே போகாமல் இருப்பது எல்லாம் எந்தக் காயிலுக்கும் பொது.)

அப்புறம், இப்படிப் புதைத்துவைத்த பானை மாதிரிப் பெரிய பொருளுக்குப் பெரிய காயில் மேல் என்பதை மறுக்க மாட்டேன். கடற்கரை உப்பு மணலில் நான் அதிகம் நடந்ததில்லை, அங்கே எது எடுபடும் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆணி அதிகம் இல்லாத வயலுக்குக் கருவியோடு வந்த 11 அங்குலமே போதும். 15க்குக் காசு போடுவதாக இருந்தால் அதை 6க்குப் போடுங்கள்.