மீன் லோடு ஓடிய பிக்கப்பை வாங்கி மாட்டிக்கொண்ட கதை

பழைய பிக்கப் ஒன்றைக் குறைந்த விலைக்கு எடுத்து, நாமே பிரித்துச் சரிசெய்து ஓட்டலாம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 1,40,000 ரூபாய் கொடுத்து வாங்கிய வண்டி எங்கள் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் வாழை. தார் வெட்டினால் ஏலத்துக்குக் கொண்டுபோக ஒவ்வொரு முறையும் வாடகை வண்டிதான். எனக்கு வேலை ஈரோட்டில், கம்ப்யூட்டர் முன்னால். ஸ்பேனர் பிடித்த அனுபவம் என்றால் அப்பாவின் மொபெட்டுக்கு பிளக் மாற்றியது. ஆனால் ஒரு வருடமாக ராத்திரி தூங்காமல் வண்டி பிரிக்கிற வீடியோவாகப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வண்டியை முழுதாகச் செய்துவிடலாம் என்கிற தைரியம் வந்திருந்தது. 2023 ஆடியில் தேட ஆரம்பித்தேன். ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள், விலை இறங்கும் என்பது என் கணக்கு. அம்மா வேண்டாம் என்றார். அதை இப்போதும் வாரம் ஒருமுறை நினைவுபடுத்துகிறார்.

திண்டுக்கல் பக்கத்தில் ஒரு புரோக்கரிடம் 2009 மாடல் பொலேரோ பிக்கப் நின்றது. நம்பர் பிளேட்டில் டிஎன் 69. தூத்துக்குடி. கேட்டேன். "முதல் ஓனர்தான் தம்பி அந்தப் பக்கம். இங்க வந்து வருஷக்கணக்கா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி மட்டும்தான் ஏத்தினாங்க" என்றார். சரி, காய்கறி வண்டி நல்லதுதானே என்று தலையாட்டினேன்.

வீடியோவில் படித்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் செய்தேன். இன்ஜின் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்துதான் இருந்தது. ஒரே செல்ஃபில் பிடித்தது. ஆயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றிவிட்டு பேக் கம்ப்ரஷன், அதாவது அந்த வழியாகப் புகை அடிக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. ரேடியேட்டர் மூடியில் ஆயில் பிசுக்கு இல்லை, டிப் ஸ்டிக்கில் பால் நிறம் இல்லை, கருப்புப் புகை இல்லை. புரோக்கர் கையைக் கட்டிக்கொண்டு, "நல்லாப் பாருங்க தம்பி, அவசரமில்லை" என்று நின்றார். அடியில் குனிந்தால் எல்லாம் பளபளவென்று கருப்பு. "அண்டர்கோட்டிங் அடிச்சிருக்கேன், துரு ஏறாது, என் செலவு" என்றார். நான் நன்றி வேறு சொன்னேன். கூடவே அவருக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் வந்து, காதை வைத்துக் கேட்டு, "தங்கம்" என்று ஒரே வார்த்தை சொல்லி 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து பக்கத்து வீட்டுப் பூனை வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தது. நிழலுக்கு வந்திருக்கிறது என்றுதான் நினைத்தோம்.

மூன்றாவது ஞாயிறு பின்பக்க ஸ்பிரிங் பட்டைக்கு புஷ் மாற்றலாம் என்று சேஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு அடியில் ஜாக்கி வைத்து ஏற்றினேன். வண்டி மேலே வரவில்லை. ஜாக்கியின் தலை சேஸுக்குள் போய்க்கொண்டிருந்தது. அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், கைப்பிடி வரை இறங்கிவிட்டது. சுரண்டினால் மேலே கருப்பு பெயின்ட், அதற்குள் விரல் தடிமனுக்குப் பள்ளம் அடைக்கிற பட்டி, பட்டிக்குப் பிடிமானமாகச் சாக்குத்துணி. அதற்கும் உள்ளே இருந்தது இரும்பு இல்லை, ஏடு ஏடாக உதிர்கிற செம்மண். லோடு பாடியின் தரைத் தகட்டை ஒரு ஓரத்தில் நெம்பித் தூக்கினேன். இடுக்கில் வெட்டிப்போட்ட நகம் மாதிரி காய்ந்த செதில்கள். பூனைக்கு மட்டும் முதல் நாளே தெரிந்திருக்கிறது.

மீன் வண்டிக்கு என்ன ஆகும் என்பதை அதற்கப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஐஸ் உருகி, மீனில் இருக்கும் உப்பையும் சேர்த்துக்கொண்டு தரைத் தகட்டின் இடுக்கு வழியாக சேஸுக்குள் சொட்டும். உப்பு ஒருமுறை உள்ளே ஒட்டிவிட்டால் காற்றில் இருக்கும் ஈரத்தைக்கூட இழுத்து வைத்துக்கொள்ளும். வண்டி சும்மா நின்றாலும் துரு நிற்காது. வெளியே பெயின்ட் இருக்கும், உள்ளிருந்து கரைந்துகொண்டே வரும். இன்ஜினும் கியர் பாக்ஸும் முன்னால் இருப்பதால் இந்தத் தண்ணீர் அவற்றின் மேல் படுவதில்லை. அதனால்தான் அந்த மனுஷர் இன்ஜினை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கவிட்டிருக்கிறார்.

புரோக்கருக்குப் போன் செய்தேன். "14 வருஷ வண்டியில துரு இல்லாம இருக்குமா தம்பி? நீங்கதானே மெக்கானிக் வச்சுப் பார்த்து எடுத்தீங்க?" அந்த மெக்கானிக் உங்கள் ஆள்தானே என்றால், காசு கொடுத்தது யார் என்கிறார். காசு நான்தான் கொடுத்தேன். டெலிவரி நோட்டில் வேறு "வண்டியை இப்போதுள்ள நிலையில் பார்த்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த வரிக்குக் கீழே என் கையெழுத்து. ஸ்டேஷனில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

இதோடு விட்டிருந்தால் நஷ்டம் 1,40,000 ரூபாயோடு முடிந்திருக்கும். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில், அழுகினதை வெட்டியெடுத்துவிட்டு புதுச் சேனல் வைத்துத் தருகிறேன், 32,000 ஆகும் என்றார்கள். 20,000 அட்வான்ஸ் கொடுத்தேன். வேலை நடக்கும்போது நான் ஈரோட்டில். வந்து பார்த்தால் வெட்டவே இல்லை. அழுகின சேஸ் மேலேயே தகட்டை ஒட்டி வெல்டு அடித்து, திரும்பவும் அதே கருப்பு பெயின்ட். துருப் பிடித்த மெல்லிய இரும்பில் வெல்டு பிடிக்காது. பத்தே நாளில் வெல்டு அடித்த கோட்டை ஒட்டியே கிழிந்து வாய் பிளந்தது. முதல் ஆள் ஏமாற்றியதைவிட இதுதான் எனக்கு அதிகக் கோபம், ஏனென்றால் அந்தப் பட்டறைக்காரருக்கு என் கதை முழுவதும் தெரியும். அவரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு உச்சுக்கொட்டிக் கேட்டவர்.

அதற்கு நடுவில் ஒருநாள் வாய்க்கால் ரோட்டில் போகும்போது பிரேக் பெடல் தரைவரை இறங்கிவிட்டது. சேஸை ஒட்டிப் போகிற இரும்பு பிரேக் பைப் துருவில் ஓட்டை விழுந்து ஆயில் போயிருந்தது. லோடு இல்லை, சமதளம், கியரை இறக்கி ஓரங்கட்டினேன். அதற்கு முந்தைய வாரம்தான் திம்பம் மலைப்பாதை ஏறி தாளவாடி வரை போய் வரலாமா என்று நண்பனிடம் பேசியிருந்தேன். அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்தால் இப்போதும் கால் கூசுகிறது. அன்றோடு வண்டியை நிறுத்திவிட்டேன்.

நான் செய்யாமல் விட்டவை எல்லாம் சில்லறைச் செலவு. வண்டியை ஒரு வாட்டர் வாஷ் கடைக்கு எடுத்துப்போய் லிஃப்டில் ஏற்றச் சொல்லியிருக்கலாம். சில நூறு ரூபாய் ஆகியிருக்கும். மறுக்கிற ஆளிடம் வாங்கவே வேண்டாம். சின்னச் சுத்தியலால் சேஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போயிருக்கலாம், நல்ல இரும்பு மணி மாதிரி கேட்கும், பட்டி அடைத்த இடம் சொத்தென்று கேட்கும். பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்று சட்டைப் பையில் இருந்திருந்தாலே போதும், விரல் தடிமன் பட்டியின் மேல் அது நிற்காது. பழைய வண்டியின் அடிப்பகுதி மட்டும் புதுக் கருப்பாக இருந்தால் அதைச் சுரண்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மெக்கானிக்கை உங்கள் ஊரிலிருந்து கூட்டிப்போங்கள், பஸ் காசும் ஒருநாள் கூலியும் போனால் போகட்டும். கடற்கரை மாவட்டத்து நம்பர் என்றால் மட்டமான வண்டி என்று சொல்ல வரவில்லை. ஆனால் என்ன லோடு ஓடியது என்று விற்பவரிடம் கேட்காமல் தரைத் தகட்டிடம் கேளுங்கள்.

அரசாங்கத்தின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்று), இன்சூரன்ஸ் தேதி, பைனான்ஸ் எல்லாம் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ஓனர் எத்தனையாவது ஆள் என்பதைக் கவனிக்கவில்லை. ஒன்று என்றுதான் இருந்திருக்கிறது. அதாவது ஆர்சி புத்தகம் இன்னும் தூத்துக்குடிக்காரர் பெயரிலேயே. பெயர் மாற்றத்துக்கு அவர் கையெழுத்துப் போட்ட ஃபாரம் 29, 30 இரண்டையும் நிரப்பாமலே கைமாற்றிக் கைமாற்றி என்னிடம் வந்திருக்கிறது. எஃப்சி முடிய இரண்டு மாதம் இருக்கும்போது, அதற்கும் பெயர் மாற்றத்துக்கும் சேர்த்துப் பார்க்கலாம் என்று ஏஜென்டிடம் போனேன். சேஸ் நம்பரை பென்சில் அச்சு எடுத்துவரச் சொன்னார். வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். முதல் ஆறேழு எழுத்து வந்தது, மீதி இடத்தில் துரு அரித்த வெறும் அம்மைத் தழும்பு. இரண்டு வேலையும் அதோடு நின்றுபோனது.

இப்போது இரும்பு விலைக்குப் போடலாம் என்றாலும் ஆர்சி கேன்சல் செய்ய ஓனர் கையெழுத்து வேண்டும். ஆர்சியில் இருக்கும் முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன், "குடிமாறிவிட்டார்" என்று திரும்பி வந்துவிட்டது. அடுத்த மாதம் தூத்துக்குடிக்கு நேரில் போய்த் தேடலாம் என்றிருக்கிறேன். மீன் ஏலக்கூடத்தில் விசாரித்தால் தெரியும் என்கிறார்கள்.